நாற்பத்திரண்டாம் நம்பர் வில்லை

— பொய்தான். ஆமா, பொய்யே சொல்லுங்கங்கிறேன். செத்துப்போனவனுக்காக ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா?

— மெதுவா பேசு, சாந்தினி. அந்த மியூசியத்துப் பொண்ணு காதுல விழப்போவுது.

— ஸ்டெஃபனி அங்க காப்பிக்கடைப் பக்கம் நாற்காலி போட்டுக்கிட்டு இருக்கு. விழாது. விழுந்தாலும் விழட்டும். இந்தப் பழைய ரப்பர் ஸ்டோரை மியூசியமாக்கி நாளைக்குப் பத்து மணிக்கு ரிப்பன் வெட்டுறாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு இந்தப் பலகையைச் செவுத்துல ஒட்டிடுவாங்க. இப்ப மணி ரெண்டேகால்.

— நான்தான் படிச்சேன்ல.

— எங்க படிச்சீங்க? பலகைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு மேல கூரையைப் பார்த்தீங்க. நான் படிக்கிறேன், கேளுங்க. “1993ஆம் ஆண்டு, ரப்பர்க் கட்டிப்பால் அரைக்கும் இந்த இயந்திரத்தில், பாதுகாப்பு விதியை மீறிய தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார்.” மலாய்ல ஒரு தரம், இங்கிலீஷ்ல ஒரு தரம், தமிழ்ல ஒரு தரம். மூணு பாஷையிலயும் எங்கண்ணன்தான் தப்பு பண்ணியிருக்கான்.

— பேரு போடலையே லா.

— பேரு வேற போடணுமா? சிம்பாங் ரெங்கம் ஊரு பூராவும் தெரியும், அது தீபன்னு.

— இங்க பாரேன், மெஷினுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கான். நம்ம காலத்துல துருதான் கலரு. ரப்பர்க் கித்தா நாத்தமும் இல்ல. ஸ்டோரு மாதிரியே இல்ல போ.

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல.

— மாத்துறீங்க. அண்ணன் பேச்சை எடுத்தாலே ஒங்களுக்குக் கூரையும் வானமும்தான் கண்ணுல படும். பெர்மாஸ் ஜெயா வீட்டுலேருந்து ஒன்றரை மணி நேரம் கார்ல வந்தோம். ஒரு வார்த்தை பேசுனீங்களா?

— டிரைவரு பேசக் கூடாது.

— சிரிப்பு வரல எனக்கு. அன்னைக்கு இந்த மெஷின் கிட்ட வேலை செஞ்சவங்கள்ல இன்னைக்கு உசுரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். வேலை வாங்குற மணியம் மண்டோர் போயிட்டாரு. கணக்கெழுதுற கிராணி போயிட்டாரு. “சுவிச்சுக் கொக்கியில அவன் நம்பர் வில்லை தொங்குனத நான் பார்த்தேன்”, இவ்வளவுதான் நீங்க சொல்ல வேண்டியது.

— நான் அந்தப் பக்கம் ரப்பர் காயவைக்கிற புகைக்கூட்டுல இருந்தேன்னு ரிப்போர்ட்ல இருக்கு.

— இருக்கட்டும். வர்ற வழியில பார்த்தேன்னு சொல்லுங்க. முதல் நாள் மாரியம்மன் திருவிழா, அதனால தீபன் குடிச்சிட்டு வந்து வில்லையை மாட்டாம உள்ள இறங்கிட்டான்னு ஊரே சொல்லுச்சே, அதவிடப் பெரிய பொய்யா இது? அவன் பியர் வாசனைக்கே மூஞ்சியைச் சுளிப்பான். எங்கம்மா சாகுற வரைக்கும் கோயில்ல பின்னாடிதான் நின்னாங்க, கேக்குறேன்ல, ஏன் பின்னாடி நின்னாங்க?

— தெரியும், சாந்தினி.

— ஒங்களை ஏன் கட்டிக்கிட்டேன்னு தெரியுமா? எங்கப்பா மூணு மாப்பிள்ளை போட்டோ கொண்டாந்தாரு. நான் சொன்னேன், இந்த ஊர்லயே அண்ணனைக் குடிகாரன்னு சொல்லாத ஒரே ஆம்பளை அவருதான், அவரையே கேளுங்கன்னு. என்ன, கண்ணைத் தொடைக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. தூசி. அந்தப் பொண்ணு வருது பாரு.

— ஆண்டி, அங்கிள், கோப்பி ஓ. பால் இல்ல, சீனி கம்மிதான். நாளைக்கு இதே கோப்பி எட்டு வெள்ளி, அதனால இன்னைக்கே குடிச்சிடுங்க.

— இதுக்கு எட்டு வெள்ளியா? அலமாக்.

— பழைய தகர டம்ளர்ல தர்றோம்ல அங்கிள். எக்சுவலி டம்ளருக்குத்தான் அந்த விலை. ஆண்டி, பாஸ்கிட்ட பேசிட்டேன். பழைய கம்பெனி ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதைத்தான் நாங்க போட்டோம். ஆனா அப்ப இங்க வேலை செஞ்ச ஒருத்தர் வேற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டா, பலகையை மாத்திடலாம்னு சொல்லிட்டாரு.

— நல்லா இரும்மா. கேட்டீங்களா?

— கேட்டேன்.

— ஃபார்ம் கொண்டு வந்துட்டேன். நானே எழுதுறேன், என் தமிழ் கோழி கிண்டுன மாதிரி இருக்கும், கோவிச்சுக்காதீங்க. அங்கிள் பேரு என்ன ஆண்டி?

— அவர்கிட்டயே கேளும்மா. நான் சொல்ல மாட்டேன்.

— ஐயோ, இன்னுமா ஆண்டி? எங்க அம்மா எங்க அப்பாவை ஸ்டானிஸ்லாஸ்னு தெரு முனை வரைக்கும் கேக்குற மாதிரி கூப்பிடுவாங்க.

— இருபத்தாறு வருஷமா ஒரு தடவ சொன்னதில்ல. கிளினிக்ல கேட்டாக்கூட அவரு ஐசி கார்டை எடுத்து நீட்டிடுவேன்.

— மனோகரன்னு எழுதிக்கம்மா.

— ம… னோ… கரன். சரியா? அதுக்கு முன்னாடி ஒண்ணு, அங்கிள். நாளைக்கு வர்றவங்களுக்கு நான்தான் எல்லாம் விளக்கணும். சொல்றேன், தப்புன்னா நிறுத்துங்க. காலையில பேர் கூப்பிடுற பெரட்டு முடிஞ்சதும் கேட் பலகையிலேருந்து ஆளுக்கொரு பித்தளை வில்லை எடுத்துக்குவாங்க. ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு நம்பர். சரியா?

— சரி.

— மெஷினுக்குள்ள இறங்கி ஒட்டுன கித்தாவைச் சுரண்டுறவரு, முதல்ல சுவிச்சை அணைக்கணும். அப்புறம் தன்னோட வில்லையை இந்தச் சுவிச்சுக் கொக்கியில மாட்டணும். அது தொங்குற வரைக்கும் யாரும் சுவிச்சைத் தொடக் கூடாது.

— தன் வில்லையைத் தான்தான் கழட்டணும். அதையும் சொல்லு. அடுத்தவன் வில்லையில கை வெச்சா மண்டோரு செருப்பைக் கழட்டிடுவாரு.

— சூப்பர், இதை எழுதிக்கிறேன். இந்தாங்க, இதை ஒரு தடவ மாட்டிக் காட்டுங்களேன். வீடியோ எடுத்துக்கிறேன்.

— வேணாம்மா.

— ரெண்டு செகண்ட்தான் அங்கிள்.

— வேணாம்னு சொன்னேன்ல.

— ஏங்க, சின்னப் பிள்ளைகிட்ட ஏன் எரிஞ்சு விழுறீங்க? குடும்மா, நான் மாட்டுறேன். இது எங்கண்ணன் நம்பரு, நாப்பத்தொண்ணு. அவன் சிலுவார் பாக்கெட்லேருந்து எடுத்துப் போலீஸ்காரங்க எங்கம்மா கையில குடுத்தாங்க. சாமித்தட்டுல கெடந்துச்சு இத்தனை வருஷமும், இப்பதான் ஒங்க மியூசியத்துக்குக் குடுத்தேன். பாக்கெட்ல இருந்துச்சுல்ல, அதை வெச்சுத்தான் அவன் மாட்டலன்னு முடிவு பண்ணிட்டாங்க.

— ரிப்போர்ட்ல அதுதான் ஆண்டி. கரண்ட் போயிருந்துச்சாம். அவரு சுவிச்சையும் அணைக்காம, வில்லையும் மாட்டாம இறங்கிட்டாராம். கரண்ட் வந்ததும் மெஷின் தானா ஓடிருச்சுன்னு. ஆமா, கேட் பலகையில நாப்பத்தொண்ணுக்குப் பக்கத்துல ஒரு ஆணி மட்டும் காலியா இருக்கு. நாப்பத்திரெண்டு எங்க போச்சுன்னு தெரியல.

— அது எங்க போகும்? எங்க வீட்டுச் சாவியில தொங்குது. இவரு நம்பரு.

— அலமாக், நெஜமாவா? குடுத்துடுங்க அங்கிள், பலகை முழுசாயிடும்.

— அது… பழகிப் போச்சும்மா. இருக்கட்டும்.

— கஞ்சன். இந்த ரெண்டு வில்லையும் பண்ணுன கூத்து ஒனக்குத் தெரியாது, ஸ்டெஃபனி. இவரு குளுவாங்ல ராத்திரி ஆட்டம் படம் பார்த்துட்டுத் தூங்கிப் போயிடுவாரு. எங்கண்ணன் பலகையிலேருந்து ரெண்டு வில்லையையும் சேர்த்து எடுத்துடுவான். கிராணி பார்ப்பாரு, நாப்பத்திரெண்டு பலகையில இல்ல, ஆளு வந்தாச்சுன்னு எழுதிக்குவாரு. இவரு எட்டு மணிக்கு வேலி ஏறிக் குதிச்சு வருவாரு.

— வேலியில கிழிஞ்ச சிலுவாருக்கு நீதான் தையல் போட்டுக் குடுப்ப.

— அண்ணன் சிலுவார்னு நெனைச்சுத் தைச்சேன். இப்பதான் வாயே தொறக்குறாரு பாரு.

— அப்புறம் அங்கிள் வில்லை அங்கிள் கைக்கு எப்படி வரும்?

— எனக்காக இங்கதான் எங்கயாவது வெச்சிருப்பான். அவன் டீ போத்தலுக்கு அடியில.

— அதுவரைக்கும் ரெண்டும் அவரு பாக்கெட்லயா? ஒரே சைஸ், ஒரே பித்தளை. மாறிடாதா அங்கிள்?

— ஏங்க, கேக்குது பாருங்க. மணி ரெண்டரை ஆச்சு. வாயைத் தொறங்க.

— எழுதிக்கம்மா.

— சொல்லுங்க, மெதுவா.

— அன்னைக்கு நான் புகைக்கூட்டுல இல்ல. எட்டு மணிக்கு மேலதான் வந்தேன். வேலி ஏறி.

— அதெல்லாம் இப்ப எதுக்குங்க? வில்லையைச் சொல்லுங்க.

— வில்லைக்குத்தான் வர்றேன். உள்ள வந்தா ஜன்னலெல்லாம் சாத்தி ஒரே இருட்டு. கரண்ட் இல்ல. யாரையும் காணோம். கொஞ்ச நேரத்துல வெளக்கு எரிஞ்சுச்சு. கரண்ட் வந்தும் மெஷின் ஓடல. சுவிச்சு அணைச்சுத்தான் இருந்துச்சு.

— அணைச்சுத்தான் இருந்துச்சு. எழுதும்மா, அதை எழுது. இத்தனை வருஷமா இதை ஏங்க சொல்லல?

— கொக்கியில ஒரு வில்லை தொங்குச்சு.

— போதும். இதுதான். இதுக்குத்தான் நான் வந்தேன். எழுதிட்டியா, ஸ்டெஃபனி?

— எழுதுறேன் ஆண்டி. நம்பர் பார்த்தீங்களா அங்கிள்?

— நாப்பத்தொண்ணுன்னு போடும்மா, எங்கண்ணன் நம்பரு.

— இல்ல. நாப்பத்திரெண்டு.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது ஒங்க நம்பரு.

— என் நம்பருதான், சாந்தினி. போத்தலுக்கு அடியில பார்த்தேன், இல்ல. கொக்கியில இருந்துச்சு. சரி, கரண்ட் இல்லாததால இங்க மாட்டி வெச்சுட்டுப் பசியாறப் போயிட்டான்னு நெனைச்சேன். வேற யாரு வில்லையா இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். சாமி சத்தியமா தொட்டிருக்க மாட்டேன். அவன் இருட்டுல பாக்கெட்டுக்குள்ள கையை விட்டிருக்கான். கையில வந்ததை மாட்டிட்டு இறங்கிட்டான். நான் என் வில்லையை எடுத்துச் சிலுவார்ல போட்டேன். மண்டோரு வர்றதுக்குள்ள வேலை செய்யுற மாதிரி காட்டிக்கணும்னு சுவிச்சைப் போட்டேன்.

— அங்கிள்…

— கத்தக்கூட இல்லம்மா அவன். மெஷின் சத்தம்தான் கேட்டுச்சு. அணைச்சேன், ஓடுனேன், புகைக்கூட்டுல போயி ஒளிஞ்சுக்கிட்டேன். காலையில ஆறு மணிக்கே வந்தாச்சுன்னு கிராணி எழுதியிருந்தாரே, யாரும் கேக்கல. ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு நெனைப்பேன். அப்புறம் ஒங்கப்பா வந்து, ஒன்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு.

— ஆண்டி, உக்காருங்க. தண்ணி கொண்டு வரவா? இதை… நான் எழுதவா வேணாமா?

— எழுதும்மா. தீபன் சுவிச்சை அணைச்சான், வில்லையை மாட்டினான், அப்புறம்தான் இறங்கினான். மூணு பாஷையிலயும் எழுது. கீழ கையெழுத்து வாங்கிக்க.

— சாந்தினி…

— ஒங்க வில்லையைக் கேட் பலகையில மாட்டிடுங்க. வீட்டுச் சாவியை மட்டும் கழட்டி எங்கிட்ட குடுங்க, மனோகரன்.