ஏணி பிடித்தவன்

என் மாப்பிள்ளை தங்கமானவர். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, என் மகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. என்னை வாய் நிறைய ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்.

நான் வீடியோ கடை வைத்திருந்தேன். முதலில் கேசட், பிறகு சிடி, எல்லாம் வாடகைக்கு. தெருவில் யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்பது எனக்கு அத்துப்படி. தையல்காரர் மனைவிக்கு அழுகைப் படம்தான் வேண்டும். பல் டாக்டருக்குப் பேய்ப் படம், அதையும் பகலில்தான் பார்ப்பார். வருகிறவர்கள் அலமாரி முன்னால் நின்று ‘என்ன பாக்கலாம்?’ என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் சொல்வேன். அதுதான் என் தொழில்.

மாப்பிள்ளைக்கு இன்டர்நெட் கம்பெனியில் வேலை. வீடு வீடாக ஒயர் இழுத்துக் கொடுப்பார். கூட வரும் ஆளைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டுதானே இருந்தேன், ஏணி பிடிக்கக் கூப்பிட்டார். மகளின் புருஷன் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் போனேன்.

தையல்காரர் வீடு, பல் டாக்டர் வீடு, எல்லாவற்றுக்கும் நான்தான் பிடித்தேன். “உங்க கடைக்கு நான்தான் எமன், மாமா” என்று மேலிருந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒயர் போன வீட்டிலிருந்து பிறகு ஒருவரும் கடைக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் உடம்பு எப்படி என்று மட்டும் விசாரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் மாப்பிள்ளை மேல் கோபம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வீடு. மகள் மாசமாக இருந்தாள். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார், பொழுது போக வேண்டுமே. மாப்பிள்ளை மாடி சன்னல்வரை ஏறினார். இரண்டு கையிலும் ஒயர்.

“கெட்டியா பிடிச்சுக்கோங்க மாமா, தரை வழுக்குது.”

“நான் இருக்கேன், மாப்ளே.”

அப்போது கடைக்கு ஆள் வந்தது. வாடிக்கையாளரைக் காக்கவைப்பது என் வழக்கமில்லை. கையை எடுத்துவிட்டு நடந்தேன். ஏணி சரிந்த சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

ஒயர் நுனியை உள்ளே வாங்க மகள் எழுந்து சன்னலுக்கு வந்திருந்தாள். முழுவதையும் பார்த்தாள். “ஏன்ப்பா கையை எடுத்தீங்க?” என்று கேட்டதோடு சரி, அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

வந்தவர் யார் என்று நீங்களும் கேட்கிறீர்கள். ஷட்டரைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே அலமாரி இல்லை, சிடி இல்லை, மாப்பிள்ளையின் ஒயர் சுருள்கள்தான். போன மழைக்கு முன்பே கடையை அவருக்குக் குடோனாகக் கொடுத்துவிட்டேன். சாவியும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எல்லாம் உண்மை. விட்டால் ஏணி நிற்காது என்பதும் தெரியும். அவரைக் கொன்றது நான்தான்.

அன்று யாரும் வரவில்லை, சரி. ஆனால் யாராவது வந்து ‘என்ன பாக்கலாம்?’ என்று கேட்டிருந்தால், ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் என்ன பதில் சொல்வான்?