வெறுமையாக இருக்க வேண்டிய குளம்

ஐயா, தேநீருக்கு நன்றி. சர்க்கரை சற்று மிகுதி. எனினும் குறை கூறுவது என் நோக்கமன்று. குறை கூறிக் கூறியே என் ஆறு ஆண்டுகள் கழிந்தன. அதனால் விளைந்த பயன் யாதென்று தாங்கள் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குளங்கள் இருவகைப்படும். நீரைச் சேமித்து வைப்பதற்காக வெட்டப்படுவது ஒருவகை. பெருமழையன்று வெள்ளத்தை வாங்கிக்கொள்வதற்காக, ஏனைய நாள்களில் வெறுமையாகக் கிடப்பது மற்றொரு வகை. எங்கள் குடியிருப்பின் குளம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. மேட்டுத்தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் இடையே ஒரு மண்கரை. அதில் ஓர் இரும்பு மதகு. மதகின் சக்கரத்தைச் சுழற்றும் கைப்பிடி தனியே கழலும். அது காவலனாகிய என் பொறுப்பில் இருந்தது.

இச்சிறு உண்மையை நூற்றிருபது குடும்பங்களுக்கு விளங்கவைக்க என்னால் இயலவில்லை. தண்ணீர் நின்றால் அழகாக இருக்கிறது என்றார்கள். கரையோரம் பலகை இருக்கைகள் போட்டார்கள். வாத்துகளை வாங்கி விட்டார்கள். நான் எச்சரிக்கை எழுதி ஒட்டினால், அதன் மேலேயே வாத்துகளுக்கு ரொட்டி போடும் நேரத்தை ஒட்டினார்கள்.

மழை அறிவிப்பு வந்தபோதெல்லாம் நான் குளத்தை வடித்தேன். மூன்று முறை வடித்தேன். மூன்று முறையும் மழை வேறெங்கோ பெய்தது. குற்றம் மேகத்தினுடையது, ஏச்சு மட்டும் எனக்கு வந்தது. சேற்றில் மீன்கள் செத்து நாறின. ‘வெறுங்குளத்தார்’ என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். என் மனைவி கடைக்குச் சென்றால், "வெறுங்குளத்தம்மா வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா" என்பார்கள். அவள் கடையை மாற்றிக்கொண்டாள். என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

பின்னர்க் கூட்டம் கூடியது. மருந்துக்கடைக்காரர்தான் சங்கச் செயலாளர்.

"ஏண்ணே, ஒண்ணுமில்லாத குளத்துக்கு ஒரு மதகு, அந்த மதகுக்கு ஒரு காவல். மழை உங்ககிட்ட மட்டும் தேதி சொல்லிட்டு வருதா?" என்றார். கூடம் முழுவதும் சிரித்தது.

பள்ளத்தெருவின் கடைசி வீட்டுத் தையற்காரர் ஒருவர் மட்டும், கால் ஊனத்தையும் பொருட்படுத்தாது எழுந்து நின்றார். "சிரிக்கிறீங்களே. டம்ளர் ஏற்கெனவே ரொம்பியிருந்தா, மேல ஊத்துற தண்ணி எங்க போகும்? என் வீட்டுக்குள்ளதான் வரும்."

"உங்களுக்கென்ன மாமா, மெஷினைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சா முடிஞ்சுது" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

செயலாளர் கையெழுத்திட்ட எழுத்து மூல ஆணையின்றி மதகைத் திறக்கலாகாது என்று தீர்மானம் நிறைவேறியது. நானும் கீழே கையெழுத்திட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் குளம் வாத்துகளோடு நிறைந்தே நின்றது. அதன் மேல் இரண்டு நாள் விடாது பெய்தது. மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு வானம் கருத்தது. நீர்மட்டம் கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே இருந்தது. அப்பொழுது மதகைத் திறந்திருந்தால், நீர் வாய்க்கால் வழியே அடங்கி ஒடுங்கி ஆற்றுக்குப் போயிருக்கும். ஆணை வரவில்லை. நான் கேட்கவுமில்லை. ஆறு ஆண்டுகள் கேட்டு வாய் வலித்தவனுக்கு ஒரு நாள் ஓய்வு தகும் என்று கருதினேன்.

ஒரு மணிக்குச் செயலாளர் ஓடி வந்தார். அவருடைய குடை மேல்நோக்கி மடங்கியிருந்தது.

"அண்ணே, திறங்கண்ணே. தண்ணி விளிம்புக்கு வந்துடுச்சு."

"எழுதிக் குடுங்க."

"விளையாடுறீங்களா? நான்தானே செயலாளர். நான்தானே நேர்ல நின்னு சொல்றேன்."

"வாயால சொன்னா போதாதுன்னு தீர்மானம் போட்டது நீங்கதானே தம்பி."

சட்டைப்பையிலிருந்த மருந்துச் சீட்டொன்றின் பின்புறத்தில் எழுதினார். மழையில் மை கரைந்தது. படிக்க இயலாத ஆணை ஆணையாகாது என்றேன். அவர் கைப்பிடியைப் பற்றி இழுத்தார். மெலிந்த உடல், பாவம். நான் விடவில்லை. உலர்ந்த தாளுக்காகத் தம் கடைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்த ஆணை மிகத் தெளிவாக இருந்தது. நெகிழி உறையில் பத்திரமாக இருந்தது. கரைதான் இல்லை.

பள்ளத்தெருவில் ஏழு வீடுகள் இடிந்தன. பெரும்பாலோர் மாடிகளில் ஏறித் தப்பினர். மாடியில்லாத வீடு ஒன்றே ஒன்று. அதில் இறந்தவர்கள் தையற்காரரும் அவர் மனைவியும்.

செயலாளருக்கு நேர்ந்த தாமதம் பற்றியே தாங்கள் காலை முதல் வினவுகிறீர்கள். அது சிறிய செய்தி. தாங்கள் வினவாத ஒன்றையும் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

அன்று பதினொரு மணிக்கு, நான் மதகருகே நின்றிருந்தபோது, தையற்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, வானமே சரியில்லையே. மக வீட்டுக்குப் போயிடலாமான்னு இவ நச்சரிக்கிறா. ஆட்டோகூட வாசல்ல நிக்குது. நீங்க என்ன சொல்றீங்க?"

"எங்கயும் போக வேண்டாம். நான் மதகுகிட்டதான் நிக்கிறேன்."

"அது போதும்ணே. ஏய், ஆட்டோவைப் போகச் சொல்லு."

சிந்தித்தே அவ்வாறு கூறினேன். அவர் கிளம்பினால் அடுத்த வீடு கிளம்பும். அதைக் கண்டு தெருவே கிளம்பும். ஆளில்லாத வீடுகளில் நீர் புகுந்து வடிந்திருக்கும். தரையைக் கழுவிவிட்டு, மறுவாரமே புதிய வாத்துகளை வாங்கியிருப்பார்கள். நனைந்த பாயைக் கண்டு எவரும் திருந்துவதில்லை. எனவே உள்ளே ஆள் இருக்க வேண்டியிருந்தது. அவர்களைக் கொன்றது நானே, அவ்வாறே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று குளம் வெறுமையாக இருக்கிறது. எவரும் சிரிப்பதில்லை.

அவர்களுடைய மகள் வெளியே அமர்ந்திருப்பதாகக் காவலர் சொன்னார். அவளிடம் ஒன்று தெரிவியுங்கள், ஐயா. அந்தக் குடியிருப்பில் என் சொல்லை மதித்தவர் அவள் தந்தை ஒருவரே. இறுதி மூச்சுவரை என்னை நம்பினார். அவளுக்கு அது பெரும் ஆறுதலாக இருக்கும்.