பச்சை லைட்டு எரிஞ்சிக்கினுதான் இருந்துச்சு

— உங்கப்பா பொட்டி பிளக்கைப் புடுங்கியிருப்பாரு பிரின்சி, அவ்ளோதான். வேணும்னு பண்ணாருன்னு நான் சொல்லவே இல்ல. போனுக்கு சார்ஜ் போட...

— எங்கப்பா போனுக்கு வாரத்துக்கு ஒருவாட்டிதான்...

— ...இல்ல, ஃபேனு போட. என்னாத்துக்கோ. புடுங்கினவரு திரும்ப சொருக மறந்துட்டாரு.

— ...சார்ஜே போடுவாரு. அதுவும் வீட்டுல. மாதா கோயில் கரண்ட்டை அவரு சொந்தத்துக்குத் தொட்டதே இல்லீங்க.

— கோயில்பிள்ளைன்னா தப்பே பண்ண மாட்டாரா?

— முப்பத்தோரு வருஷமா அந்த மணிய அடிக்கறாரு. ஒரு நாள் நேரம் தப்பினது இல்ல. செவ்வாய்க்கிழமை விடிகாலைல மட்டும் அடிக்கல. ஏன்னா உங்க பொட்டி அவரைக் கூப்பிடல. ஏரி ஒடையற மாதிரி ஆனா பொட்டி கத்தணும், அவரு மணி அடிக்கணும், கீழ்த்தெரு ஜனம் எழுந்து மேட்டுக்கு ஏறணும். இதானே ஏற்பாடு?

— கூப்பிடுச்சு. இங்க வா, லேப்டாப்பைப் பாரு. இது ஏரி மதகுல நான் கட்டின போர்டு. சேத்துல கெடந்து நேத்துதான் எடுத்தாந்தேன். ரெண்டே ரெண்டு பென்சில் பேட்டரி. பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி முழிச்சி, தண்ணிய அளந்து, ரேடியோவுல சொல்லிட்டுத் திரும்பத் தூங்கிடும். ஒரு வருஷம் அப்படியே ஓடும். அனுப்பினதை எல்லாம் அதுக்குள்ள இருக்கற மெமரி சிப்புல எழுதி வெச்சிக்கும். ஒண்ணு நாப்பது, அபாயம். ஒண்ணு அம்பது, அபாயம். ரெண்டு மணி...

— எத்தினி வாட்டி?

— நாலு பத்துக்குக் கரை ஒடைஞ்சுது. அதுவரைக்கும் பதினாறு வாட்டி.

— பதினாறு வாட்டி.

— அதைத்தான் சொல்றேன். என் போர்டு அதும் வேலைய பண்ணியிருக்கு. கேக்க வேண்டிய ரிசீவர்தான் கோயில்ல செத்துக் கெடந்திருக்கு.

— செத்த பொட்டில பச்சை லைட்டு எரியுமா? ஊர்ல கரண்ட்டு போயிடுச்சு, கோயில் இன்வெர்ட்டர்ல அது எரிஞ்சிக்கினுதான் இருந்துச்சு. மழையைப் பாத்து பயந்துக்கினு அப்பா அன்னிக்கி வீட்டுக்கே போகல. சாமியார் உடுப்பு மாத்தற ரூம்புல நாற்காலி போட்டு, செபமாலையும் கையுமா எதிர்லயே ஒக்காந்திருந்தாரு. "லைட்டு எரிஞ்சா உசுரோட இருக்குன்னு அர்த்தம், டோமினிக் மாப்ள சொல்லியிருக்காரு." அந்த ஒரு சொல்லை நம்பிக்கினு.

— அப்ப தூங்கியிருப்பாரு. அறுபத்தெட்டு வயசு. பீப் அடிச்சிருக்கும், காதுல விழுந்திருக்காது.

— மொதல்ல பிளக்குன்னீங்க. இப்ப தூக்கம்ன்றீங்க.

— ரெண்டுல ஒண்ணு. சிம்பிள்.

— சக்கரபாணி பெரியவரை கட்டிலோட தண்ணி தூக்கிக்கினு போச்சு. கை கால் வராம படுத்திருந்த மனுசன். எரிச்சிட்டு வந்த கையோட அவரு புள்ள புகழேந்தி எங்கப்பா மூஞ்சிக்கு நேரா துப்பிட்டுப் போறாரு. தெருவே நின்னு பாத்துது. அப்பா துண்டால தொடச்சிக்கினு, "அவன் துப்புனது நாயம்தாம்மா"ன்றாரு. ரெண்டுல எதுங்க சிம்பிளு?

— எனக்கு மட்டும் வருத்தம் இல்லியா? ஏன் பிரின்சி, என் காக்கி பேண்ட்டு எங்க?

— கொடில காயுது. மழை ஈரம், இன்னும் காயல.

— எப்ப தொவச்ச?

— புதன்கிழமை.

— பாக்கெட்டுல எதுனா இருந்துச்சா?

— என்னா தேடறீங்க? மூணு நாளா கட்டிலுக்கு அடியில பாக்கறீங்க, பைக்கு டப்பாவ கவுத்துப் பாக்கறீங்க.

— ஸ்க்ரூ டிரைவர்.

— கையிலயே வெச்சிக்கினு இருக்கீங்க.

— இது இல்ல. வேற. சின்னது. சரி வுடு, ஜல்தி கெளம்பு. பத்து மணிக்குப் பூசை முடிஞ்சி கூட்டம். விழுப்புரத்துல இருந்து ஆபீசரு வர்றாரு, ரெண்டு போர்டையும் பாக்கணுமாம். திண்டிவனம் தாண்டவே அரை மணி ஆவும், ரோடெல்லாம் சேறு. இந்தா, இதுல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிடு. நீ சொன்னா போட்டுடுவாரு.

— என்னா இது?

— படியேன்.

— "கோயில்பிள்ளை அமிர்தசாமி ஆகிய நான், அன்று இரவு அயர்ந்து உறங்கிவிட்டபடியால், எச்சரிக்கை ஒலியைக் கவனிக்கத் தவறினேன்." நல்லா எழுதியிருக்கீங்க. அயர்ந்துன்னா என்னான்னு எங்கப்பா என்னைத்தான் கேப்பாரு.

— பேஜாரு பண்ணாத. வயசானவரு, தெரியாம நடந்துடுச்சுன்னு மன்னிப்பு கேட்டுட்டா சாமியாரும் விட்டுடுவாரு, கேசுன்னு ஒண்ணும் ஆவாது.

— கோயில் வேலை போயிடும். பின்னால இருக்கற வீடும் போயிடும். அம்மா செத்த வீடு அது.

— நம்மகூட வந்து இருக்கட்டும். நான் வேணாம்னா சொல்றேன்? யோசிச்சிப் பாரு. போர்டு மேல தப்புன்னு ஆச்சுன்னா எல்லாம் நின்னு போச்சு. இந்த மழைக்கப்புறம் இன்னும் நாப்பது ஏரிக்கு இதையேதான் வெக்கறாங்க, வானூர் வரைக்கும். நாப்பது ஊரு, பிரின்சி. நான் எனக்காகவா பேசறேன்?

— நாப்பது ஊர்லயும் ஒருத்தர் பச்சை லைட்டைப் பாத்துக்கினு முழிச்சிருப்பாரு.

— குத்திக் காட்டாத.

— சரி. ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. கோயில்ல இருந்து கழட்டியாந்த அந்த ரிசீவரை இப்படித் திருப்புங்க. ஓரத்துல பாம்பு மாதிரி வளைஞ்சி வளைஞ்சி போற செம்புக் கோடு?

— ஆன்டெனா. எதுக்கு இப்ப?

— இந்தக் குட்டி பட்டன்?

— ரீசெட்.

— இந்தப் பக்கம் ஒயரு சொருகற ஓட்டை, பச்சை லைட்டு. அந்தப் பக்கம் சிப்பு. நடுவுல ரெண்டு கம்பி மொட்டையா நிக்குதே, அது?

— அது டெஸ்ட் பண்றதுக்கு. சும்மா இருக்கும்.

— சும்மா இருக்காதுங்க. நிச்சயம் ஆன புதுசுல எல்லா மாப்ளையும் போன்ல சினிமா பேசுவாங்க. நீங்க போர்டு பேசினீங்க. "அந்த ரெண்டு கம்பி மேல அரிசி அளவுல கறுப்பா ஒரு தொப்பி இருக்கும் பிரின்சி. அதைக் கழட்டிட்டு மீட்டர் வெச்சா சிப்பு எவ்ளோ கரண்ட்டு குடிக்குதுன்னு துல்லியமா தெரியும். தொப்பிய திரும்ப மாட்ட மறந்தா சிப்புக்குக் கரண்ட்டே போவாது. ஆனா லைட்டு எரியும். பாக்கறவன் ஏமாந்துடுவான்." நான் சிரிச்சேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— நீ இதெல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு இருக்கியா?

— என்கிட்ட வேற யாரும் அவ்ளோ நேரம் பேசினது இல்ல.

— அப்ப யாரோ கழட்டியிருக்காங்க. பீடத்துல உதவி பண்ற பசங்க எதுனா நோண்டியிருக்கும். நான் இதை இப்பதான் பாக்கறேன்.

— வெள்ளத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனீங்களே.

— சும்மா பாத்துட்டு வந்தேன்.

— மீட்டரோட. விழுப்புரம் கண்காட்சில எழுதி வெக்க அளவு வேணும்னு. ஒரு சொட்டு கரண்ட்டுல ஓடுதுன்னு காட்டணும்னு.

— யார் சொன்னது?

— அப்பாதான். அதுவும் நான் தோண்டித் தோண்டிக் கேட்டப்புறம். "மூவேளை மணி அடிக்கப் போனேன், திரும்பி வர்றதுக்குள்ள மாப்ள வண்டியக் கெளப்பிட்டாரு. லைட்டு எரியுது மாமா, எல்லாம் ஓகேன்னாரு"ன்னாரு. அதோட, "மாப்ள பேரை இதுல இழுக்காதம்மா, அவரு படிச்சவரு, ஊருக்கு நல்லது பண்ண வந்தவரு"ன்னாரு.

— அவருக்கு சந்தேகமா?

— சந்தேகப்படத் தெரிஞ்சா துப்புனதைத் தொடச்சிக்கினு நிப்பாரா? தான்தான் கண்ணு அசந்துட்டோமோன்னு அவரே நம்ப ஆரம்பிச்சிட்டாரு. "ஒரு அருள்நிறை செபத்துக்கும் அடுத்த செபத்துக்கும் நடுவுல தூங்கிட்டேனோ என்னமோ"ன்றாரு.

— பிரின்சி, நான் சொல்றதைக் கேளு. சனிக்கிழமை தொப்பிய மாட்டிட்டுத்தான் வந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— நல்லா?

— மாதா மேல சத்தியமா.

— கையை நீட்டுங்க. புதன்கிழமை பேண்ட்டு பாக்கெட்டுல இருந்துச்சு, என்னான்னு தெரிஞ்சிதான் எடுத்து அந்த மாதா படத்துக்குப் பின்னாலயே வெச்சேன். நீங்க தேடறப்பெல்லாம், இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு பாத்துக்கினு இருந்தேன். ஞாயித்துக்கிழமை, உங்க லேப்பும் பூட்டியிருக்கு, வேற தொப்பி கெடைக்காது. இந்தாங்க. கூட்டத்துக்கு போர்டுல மாட்டிக்கினு வர்றீங்களா, எல்லாரும் பாக்க கையில எடுத்துக்கினு வர்றீங்களா?