தெளிந்த தொட்டியில் பொடி இல்லை

அவைக்குத் தலைமை தாங்கி அழகு சேர்க்கும் அம்மையார் அவர்களே! கேள்வி கேட்கக் கற்றுத்தந்த என் பேராசிரியர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! வேலை பாதியில் இருக்க விரைந்து வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தோழர் தோழியரே! எல்லோரையும் வணங்குகிறேன்.

நம் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அரசு மறுபடியும் நிதி தந்திருக்கிறது. எதைக் கண்டுபிடித்ததற்காக? ஒரு பொடி வேலை செய்யாது என்று கண்டுபிடித்ததற்காக!

சிரிக்கிறீர்கள். அன்று எங்களால் சிரிக்க முடியவில்லை.

நம் குடிநீர் ஏரியில் பாசி படர்ந்து நாறியதே, நினைவிருக்கிறதா? "மறக்க முடியுமா?" என்று ஓர் அம்மா அங்கிருந்து கேட்கிறார். முடியாது அம்மா, என் மூக்கும் மறக்கவில்லை! அப்போது ஒரு பொடி விற்பனைக்கு வந்தது. தூவினால் ஏரி தெளியும் என்றார்கள். வாங்குவதற்கு முன் சோதித்துச் சொல்லுங்கள் என்று அரசு எங்களுக்கு நிதி தந்தது.

துறைக் கட்டடத்தின் பின்னால் நீலத் தொட்டிகளை வரிசையாக வைத்து ஏரித் தண்ணீரை நிரப்பினோம். பாதித் தொட்டிகளில் மட்டும் பேராசிரியர் பொடியைப் போட்டார். எவற்றில் என்று எங்களிடம் சொல்லவில்லை. ஆசை கண்ணை மறைக்கக் கூடாதல்லவா?

சில வாரங்களில் மூலைத் தொட்டி முதலில் பளிங்காய்த் தெளிந்தது. ஆய்வக உதவியாளர் அண்ணன் அதற்குத் 'தங்கம்' என்று பெயரே சூட்டிவிட்டார். போகிறவர் வருகிறவரை எல்லாம் இழுத்து வந்து காட்டுவார்.

"அடியில இருக்கிற கீறல்கூடத் தெரியுது பாருங்க! பொடின்னா இதுதான் பொடி!"

கடைசி நாளன்று பேராசிரியர் மெல்லச் சொன்னார்: "தம்பி, உங்க தங்கத்துல நான் ஒரு சிட்டிகைகூடப் போடலை."

அண்ணன் மற்ற தொட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். போட்டவையும் போடாதவையும் ஒன்றுபோலவே தெளிந்திருந்தன. ஏரியில் கலக்கும் சாக்கடை தொட்டிக்குள் வரவில்லை. தீனியில்லாமல் பாசி தானாகச் செத்திருந்தது. அவ்வளவுதான்!

நிதி முடியும் நேரம் அது. பொடி உதவாது என்று எழுதினால் மறுபடியும் தருவார்களா? அண்ணனின் சம்பளமும் அந்த நிதியில்தான்.

"பொடி போட்ட தொட்டி தெளிஞ்சுதுன்னு மட்டும் எழுதேம்மா. அது பொய்யில்லையே?" என்றார்.

பொய்யில்லை! ஒரு சொல்கூடப் பொய்யில்லை! ஆனால், அது உண்மையா?

"ரெண்டையும் எழுதும்மா. ஊரே குடிக்கிற தண்ணி," என்றார் பேராசிரியர். எழுதினேன். இரண்டையும் எழுதினேன்.

வீட்டில் அப்பா விடுவாரா? "இத்தனை வருஷம் படிச்சு, 'ஒண்ணும் நடக்காது'ன்னு சொல்லவா? பஸ்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டே நானே சொல்லியிருப்பேனே!" இதோ, மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். தயவுசெய்து கைதட்டாதீர்கள். வீட்டில் எங்களால் தாங்க முடியாது.

நிதிக்குழுவின் தலைவி வந்தார். அறிக்கையைப் படித்தார். நிமிர்ந்தார். "பொடி விக்கிறவங்களே இந்தச் சோதனையைச் செஞ்சிருந்தா, மூலைத் தொட்டியப் பத்தி எழுதியிருப்பாங்களா?"

அண்ணன் முந்திக்கொண்டார்: "படம் பிடிச்சு பாக்கெட் மேலயே ஒட்டியிருப்பாங்க மேடம்!"

குழுவே சிரித்தது. நிதி தொடர்ந்தது. பொடிக்கு ஒதுக்கிய பணம் சாக்கடையைத் திருப்பிவிடப் போனது. ஏரி தெளிந்தது.

அன்பர்களே! விற்பவர் தரும் பணம் விற்பனையைக் கேட்கும். பொதுப்பணம் எதைக் கேட்கும்? உண்மையைக் கேட்கும், கேட்க வேண்டும்! 'ஆம்' என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். 'இல்லை' என்று சொல்லிவிட்டும் மறுநாள் வேலைக்கு வரும் துணிவை எங்களுக்குத் தந்தது யார்? சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டினீர்களே, நீங்கள்! அந்தத் துணிவுக்குத்தான் இந்த நிதி. அதற்குத்தான் இந்த விழா.

அதிகம் பேசிப் பழகாதவள் நான், தொண்டை வறண்டுவிட்டது. மேசை மேல் இருக்கும் இந்தக் குவளையில் நம் ஏரித் தண்ணீர். பொடி போடாதது, அண்ணே!

உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, இதைக் குடித்துவிட்டு அமர்கிறேன். வணக்கம்.