‘என்னால் முடியும்’ என்று கத்த வைக்காதீர்கள்

கூட்டத்தின் தலைவர் மகேஸ்வரன் அவர்களே, முன்வரிசையில் வியர்வையைத் துடைத்தபடி வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்து சோறு வடித்து வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, குனிந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் என் கல்லூரித் தோழர்களே, தோழிகளே, வணக்கம்!

இன்று தன்முனைப்புப் பேச்சு, ஊக்கமூட்டும் பேச்சு என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறீர்கள். தலைவரே, மன்னிக்க வேண்டும். அதை நான் பேசப்போவதில்லை. பின்னால் யாரோ ‘அலமாக்’ என்று தலையில் கை வைக்கிறீர்கள். பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து தருகிறோம். கால் முறிந்த பிள்ளைக்குக் கட்டுப் போடுகிறோம். மனம் முறிந்த பிள்ளைக்கு மட்டும் ஏன் மைக்கைப் பிடித்துக் கத்துகிறோம்?

லாபிஸ் ஊர்ப் பெண் லோஷினி. எனக்கு ஒரு வருடம் இளையவள். ‘பேரோடயே சொல்லுங்கண்ணே’ என்று அவள் சொல்லி, தாயாரும் சம்மதித்ததால் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. இடம் கிடைத்தபோது கோயிலில் பொன்னாடை, வாட்சாப்பில் வாழ்த்து மழை. இரண்டாம் ஆண்டில் தூக்கம் போனது, பசி போனது, திறந்த புத்தகத்தை ஒரு வரி படிக்காமல் மூடி வைத்தாள். விடுமுறையில் வீட்டுக்குப் போய், ‘அம்மா, என்னால முடியலம்மா’ என்றாள்.

தாய் திட்டவில்லை. பயந்துபோய், தங்காக்கில் நடந்த தன்முனைப்பு முகாமில் பேர் கொடுத்து அனுப்பி வைத்தார். நம் சமூகத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்!

அங்கே மேடையில் ஒருவர், ‘சத்தமா சொல்லு, என்னால் முடியும்!’ என்றார். மண்டபமே கத்தியது. லோஷினி எல்லோரையும் விட உரக்கக் கத்தினாள். அதற்குப் பரிசாக ஒரு கோப்பையும் கொடுத்தார்கள்.

கல்லூரிக்குத் திரும்பியவள் படுக்கையை விட்டு எழவில்லை. ‘எல்லாராலயும் முடியுது. என்னால முடியலன்னா நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?’ என்று அறைத்தோழி ஸ்டெஃபனியிடம் கேட்டாள்.

ஸ்டெஃபனி அறிவுரை சொல்லவில்லை. செருப்பை எடுத்துக் கட்டிலருகே போட்டாள்.

‘எழுந்திருடி. ஆலோசகரைப் பார்க்கப் போலாம்.’

‘என்னைத் தம்போய்க்கு அனுப்பப் பார்க்கிறியா?’

‘என் வீடே தம்போய்லதான் இருக்கு. நான் என்ன பைத்தியமா?’

‘சில நேரம் ஆமா லா.’

சிரிக்கிறீர்கள். அவர்களும் சிரித்துக்கொண்டேதான் போனார்கள். ஆனால் தம்போயில் மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காக ஓர் ஊரின் பேரையே வசவாக்கி வைத்திருப்பவர்கள் யார்? கல்யாண வீட்டில், காப்பிக் கடையில், ‘இவன தம்போய்க்கு அனுப்பு’ என்று கேலி பேசுபவர்கள் யார்? நாம்தானே! உதவி கேட்க நினைத்த பிள்ளையின் வாயை அடைத்தது அந்தக் கேலிதானே!

ஆலோசகர் வினிஃப்ரெட் அவளைப் பேசவிட்டார். மருத்துவரிடமும் அனுப்பினார். மாத்திரை உண்டு, வாராவாரம் சந்திப்பு உண்டு. மந்திரம் ஒன்றும் இல்லை. மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது.

செய்தி கேட்டு லாபிஸிலிருந்து ஓடிவந்த தாய், ஆலோசகரின் அறையில் உட்கார்ந்து அழுதார். ‘ஏன்டி, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?’

லோஷினி சொன்னாள்: ‘சொன்னேன்மா. நீங்கதான் முகாமுக்கு அனுப்புனீங்க.’

தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளைகள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம்தான் பேச்சாளர்களைத் தேடி ஓடுகிறோம். ஆண்டுதோறும் பேச்சாளரை அழைக்கும் சங்கமே, ஆலோசகரை ஒருமுறையாவது அழைத்தாயா?

இந்த முறை நானே அழைத்து வந்திருக்கிறேன். வினிஃப்ரெட் அக்கா மண்டபத்தின் இடப்பக்க அறையில் இருக்கிறார். என் பேச்சு முடிந்ததும் சாப்பாடு. சம்பலுக்காக எல்லோரும் முண்டியடித்துக்கொண்டிருக்கும்போது, யார் எந்தக் கதவைத் திறந்தார் என்று எவரும் பார்க்கப்போவதில்லை. தோழா, தோழி, உன்னால் முடியவில்லையா? முடியவில்லை என்றே போய்ச் சொல். கூட ஆள் வேண்டுமா? நான் வருகிறேன்.

இவ்வளவு நேரம் என் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. பொன்னாடை வேண்டாம், தலைவரே. பாட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் போடச் சொல்லுங்கள், அந்த அறையில் பேசுவது வெளியே கேட்கக்கூடாது. வணக்கம்!