பிரிக்காத டிவிடி

“சிங்கப்பூர் போனதும் மொத வேலையா அம்மா சாவப் பாத்துடுறேன்க்கா.”

திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால் யார்தான் காது கொடுக்காமல் இருப்பார்கள்? லீவில் வந்திருக்கும் தம்பி, பக்கத்தில் அக்கா. தஞ்சாவூரில் அப்போதுதான் வாங்கிய டிவிடி டிரைவ் அவன் மடியில் இருந்தது.

“கடக்காரரு இன்னொண்ணு காட்டுனாரு, அதுக்குத் தனியா கரண்டு குடுக்கணுமாம். லக்கேஜ் எடை கூடிடும்னு இத எடுத்தேன். லேப்டாப்புலயே சொருவிக்கலாம்.”

“சாவு வீடியோவ டிவிடியில போட்டு அனுப்பி மூணு வருசம் ஆவுது. மேல ஒட்டுன டேப்பக்கூட நீ பிரிக்கல. ஒம் பொட்டியில பாத்தேன்.”

“என் லேப்டாப் மெலிசுக்கா. டிவிடி போட எடமே இல்ல.”

“அதப் போன வருசந்தானே வாங்குன? பழச எம் மவனுக்குக் குடுத்தியே, அதுல அவன் டிவிடி போட்டுத்தான் சினிமா பாக்குறான்.”

கண்டியூரில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். அக்காதான் மறுபடி ஆரம்பித்தாள்.

“நீ மொகத்தப் பாக்கணும்னு வீடியோக்காரரு என்னைய நவுரச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அம்மா மேல வுழுந்து அழக்கூட முடியல.”

“எவ்வளவு நேரம்க்கா ஓடும்?”

“மூணு மணி நேரம்.”

“அவ்வளவு நேரம் எங்கக்கா ஒக்கார்றது? மொகம் வர்ற எடத்த மட்டும் வெட்டி பென்டிரைவ்ல வாங்கிக்கிறேன். இதக் கடையில திருப்பிக் குடுத்துடலாம்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வெட்டிக்க. ஒனக்குப் பதிலா எம் மவன் கொள்ளி வச்சானே, அந்த எடத்தையும் மறக்காம வெட்டிடு.”