என் தங்கை பேரில் நான் வேலை செய்த பன்னிரண்டு வாரம்

சுண்டு, உன் பேரில் நான் செய்ததை எல்லாம் இன்றைக்கு என் பேரில் எழுதிக்கொள்ளச் சொல்லி வந்திருக்கிறேன்.

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தெட்டு. நான்காம் வகுப்பு வரை படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஒரு பள்ளிக்கூடத்தில் மதியம் இரண்டு மணியிலிருந்து மாலை வரை வகுப்பறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. இறந்துபோனவள் என் கூடப்பிறந்த தங்கை. வயது நாற்பத்தொன்று. பிறந்தபோது ஒரு கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் வீட்டில் சுண்டு என்று கூப்பிட்டோம், அதுவே நிலைத்துவிட்டது. பதினோரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் ஒரே அறையில் இருந்தோம். வேறு யாரும் எங்களுக்கு இல்லை.

உதவித்தொகை அலுவலகம் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்த அறிக்கையை நேற்று நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். என் தங்கை வேலை செய்யத் தெம்புள்ளவள், நோய் என்று நடித்து இத்தனை வருடம் உதவித்தொகை வாங்கினாள் என்று அதில் இருக்கிறது. அது தவறு. அந்த வேலையைச் செய்தது நான். நோயாளி அவள். இப்படிச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்று என்மேல் வழக்கு வரும், பள்ளிக்கூட வேலையும் போகலாம் என்று அதிகாரி அய்யா இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன். நடித்தாள் என்ற வார்த்தை அவள் பேரிலிருந்து போக வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

என் தங்கைக்கு இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. ஏழு வருடம் முன்பு தெரிந்தது. அதுவரை தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. மூன்று மாடி ஏற நான்கு இடத்தில் உட்காருவாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்துதான் தூங்குவாள். அவள் முதுகு பட்ட இடத்தில் சுவர் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. யாராவது வந்து தடவிப் பார்க்கட்டும். என் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். அவள் மாத்திரை அவள் உதவித்தொகையில்தான்.

போன வருடம் திட்டத்தை மாற்றினார்கள். உதவித்தொகை வாங்குகிறவர்கள் எல்லாரும் வாரத்தில் மூன்று நாள், பன்னிரண்டு வாரம், வேலைப் பயிற்சிக்கு வர வேண்டும், வராவிட்டால் நிறுத்தப்படும் என்று கடிதம் வந்தது. அதற்குப் போட்ட கூட்டத்துக்கு நான் போனேன். வழிகாட்டி அம்மா என்று ஒருவரை எங்கள் வட்டாரத்துக்குப் போட்டிருந்தார்கள். சின்ன வயது, பொறுமையாகச் சொன்னார். வீட்டிலேயே கிடந்தால் மனிதர்கள் சோர்ந்துபோவார்கள், கை வேலைக்குப் பழகினால் நிமிர்ந்துவிடுவார்கள் என்றார். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் அப்படிப் போய்த்தான் மூன்று வருடத்துக்குப் பிறகு முகச்சவரம் செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்றார்கள். அதற்கு இருதய டாக்டரின் கையெழுத்து வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். பயிற்சி பதினைந்து நாளில் தொடங்குவதாக இருந்தது. தேதிச் சீட்டைக் கொண்டுபோய் வழிகாட்டி அம்மாவிடம் காட்டினேன். "கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குதும்மா. கையெழுத்துக்குக் கட்டம் இருக்கு, தேதிச் சீட்டுக்குக் கட்டம் இல்ல" என்றார். என் கண் முன்னாலேயே மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

அதன் பிறகு அவளுக்குப் பதிலாக நான் போவது என்று நான்தான் முடிவு செய்தேன். அவள் வேண்டாம் என்றாள். என் பேச்சைத்தான் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. அவளுடைய அட்டையில் இருந்தது ஏழு வருடத்துக்கு முந்தின படம், அதில் அவளுக்குக் கன்னம் இருந்தது. இப்போதைய அவளைவிட நான்தான் அந்தப் படத்துக்குப் பொருத்தமாக இருந்தேன். பயிற்சி காலையில், என் வேலை மதியத்தில். பயிற்சியில் தேறாதவர்களுக்கு வேலை கிடைக்கிறவரை உதவித்தொகை தொடரும் என்று கடிதத்தில் இருந்தது. எங்கள் திட்டம் அவ்வளவுதான். ஒப்புக்குப் போய், கடைசி ஆளாக நின்று, டாக்டர் தேதி வருகிறவரை நாளைக் கடத்துவது.

பயிற்சிக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் எனக்கு நோயாளியாக நடக்கக் கற்றுக்கொடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னை அறைக்குள் நடக்கச் சொன்னாள். "அக்கா, பஸ்ஸு பிடிக்கப் போற மாதிரி நடக்குற. ரெண்டு எட்டு வை, நில்லு. நின்னதும் கைய இடுப்புல வைக்காத, அது சண்டைக்காரி நிக்கிறது. எதையாவது பிடி. பிடிச்சுட்டு, சும்மா வேடிக்கை பாக்குற மாதிரி நில்லு. மூச்சு வாங்குதுன்னு யாருக்கும் காட்டக் கூடாது" என்றாள். "காட்டத்தானேடி போறேன்" என்றேன். "காட்டாம இருக்கப் பாடுபடுறதுதான் நோவு. அது உனக்கு எங்க வரும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். ஏழு வருடமாக அவள் தெருவைப் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக் கூடம் பழைய துணி பிரிக்கிற இடம். வண்டியில் வந்து கொட்டுகிற துணியை நல்லது, கிழிசல், கம்பளி என்று பிரித்து, பொத்தானும் ஜிப்பும் அறுத்து, நல்லதை மடித்து மூட்டை கட்ட வேண்டும். முதல் மூன்று நாள் அவள் சொன்ன மாதிரியே நின்று நின்று செய்தேன். நான்காவது நாள் அடுக்கி வைத்த மூட்டை சரிந்து, கீழே உட்கார்ந்திருந்த கால் ஊனமான ஒருத்தர்மேல் விழப்போனது. நான் பாய்ந்து தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். "ஏம்மா, இத்தனை நாளா எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த இந்தத் தெம்ப?" என்றார். அதன் பிறகு மெதுவாகச் செய்ய எனக்கு வழி இல்லை. என் கைக்கும் தெரியவில்லை. துணி முன்னால் கிடந்தால் கை அதுபாட்டுக்குப் போகிறது.

அதற்குப் பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். இருபத்தொரு வருடமாக வகுப்பறை துடைக்கிறேன். தரை நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னது கிடையாது, ஈரம் காயவில்லை என்றுதான் சொல்வார்கள். அங்கே மேற்பார்வையாளர் நான் மடித்த சட்டையைத் தூக்கிக் காட்டி, "இப்படி மடிங்கப்பா, விரல வச்சு அளந்த மாதிரி இருக்கு" என்று எல்லாருக்கும் சொன்னார். வழிகாட்டி அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாகச் சொல்கிறேன் என்றார். கூப்பிட்டது என் தங்கையின் பேரைச் சொல்லி. சந்தோஷப்பட்டது நான். கடைசி ஆளாக நிற்க வேண்டும் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. ஆனாலும் அடுத்த நாளும் அப்படித்தான் மடித்தேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "நான் இன்னிக்கு என்ன செஞ்சேன்?" என்பது. நீ இன்றைக்கு ஆறு மூட்டை கட்டினாய், மேற்பார்வையாளர் உன்னை மெச்சினார், ஒரு கம்பளிக் கோட்டின் பையில் உனக்கு ஒரு சீப்புக் கிடைத்தது என்று நான் சொல்வேன். "பரவாயில்லையே, நான் கெட்டிக்காரிதான்" என்பாள். முதலில் அது விளையாட்டுத்தான். போகப் போக விவரம் கேட்க ஆரம்பித்தாள். எந்தக் கையில் பிடித்தேன், காலரை உள்ளே விட்டேனா வெளியே விட்டேனா என்று கேட்டாள். எங்கள் துணியை எல்லாம் கட்டிலில் பரப்பி நான் சொல்கிற மாதிரி மடித்து வைத்தாள். என்னைவிட நன்றாக மடித்தாள், காஜா எடுத்த கை. ஒரு நாள் மாத்திரை போட மறந்துவிட்டாள். கேட்டதற்கு, "வேலை முடிஞ்ச அசதி" என்றாள். நான் சிரித்தேன். அது எனக்கு இப்போது சிரிப்பாக இல்லை.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் முதல் தரம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் கடிதம் வந்தது. என் தங்கைக்கு வேறொரு துணிக் கிடங்கில் முழுநேர வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வர வேண்டும், இனி உதவித்தொகை கிடையாது, வேலைக்கு வராவிட்டால் முன்பு வாங்கியதும் விசாரிக்கப்படும் என்று இருந்தது. பயிற்சியில் நன்றாகச் செயல்பட்டதற்குப் பாராட்டும் அதிலேயே இருந்தது. முழுநேர வேலைக்கு என்னால் அவள் பேரில் போக முடியாது, என் வேலை இருக்கிறது. அவளால் அவள் பேரிலேயே போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவளிடம், நாளைக்கு அலுவலகம் திறந்ததும் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொன்னா உன்ன உள்ள தூக்கி வைப்பாங்க. அப்புறம் எனக்கு யாரு இருக்கா? உனக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கா?" என்று கத்தினாள். கத்தக் கூடாது அவள். நானும் கோபத்தில், "பின்ன நீ போய் மூட்டை தூக்குறியா?" என்று கேட்டேன். நான் கேட்ட வார்த்தை இதுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சாதாரணமாகத்தான் பேசினோம். என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கிளம்பும்போது அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று எழுப்பவில்லை. அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வழிகாட்டி அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். பயிற்சிக்கு வந்தது நான், என் தங்கை வீட்டில் நோயாகக் கிடக்கிறாள், என்னை என்ன செய்தாலும் சரி, அவளை வேலைக்குக் கூப்பிடாதீர்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தட்டினார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "அவங்க இன்னிக்கு எட்டு மணிக்கே கிடங்குக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்களேம்மா" என்றார்.

அங்கிருந்து ஓடினேன். எந்த வழியாகப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் போனபோது அவளை மூட்டைகள்மேல் படுக்கவைத்து ஒரு கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். படுக்க முடியாதவளைப் படுக்கவைத்திருந்தார்கள் என்பதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் காலில் என் வேலைச் செருப்பு இருந்தது, பெரிதாக இருந்ததால் முன்னால் துணி திணித்திருந்தாள்.

நான் போவதற்கு முன் அங்கே நடந்ததாக நான் சொல்வது அவளுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்த அம்மாள் என்னிடம் சொன்னது. வாசலில் காவலாளி அட்டையைப் பார்த்து இது நீ இல்லையே என்று நிறுத்தினாராம். இளைத்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே வந்தாளாம். பதினான்கு சட்டை மடித்தாளாம். பார்த்தவர்கள் எல்லாரும் மடிப்பு எவ்வளவு நேர்த்தி என்றார்களாம். நடுவில் இரண்டு தடவை மேசையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை வேடிக்கை பார்த்தாளாம். மூட்டை கட்டியதும், அந்த அம்மாள் தான் தூக்கி வைப்பதாகச் சொன்னாராம். அதற்கு அவள், "பரவாயில்லக்கா, நான் தூக்குவேன். பன்னெண்டு வாரம் தூக்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கினாளாம். இடுப்பு உயரம் வரை தூக்கிவிட்டாளாம். அதன் பிறகு மெதுவாக மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாளாம். அந்த அம்மாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் தேதிச் சீட்டை இத்துடன் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி. பழைய மருந்துச் சீட்டுகளும் ஒரு பையில் இருக்கின்றன. பயிற்சிக் கூடத்து வருகை ஏட்டில் முப்பத்தாறு நாளும் இருக்கிற கையெழுத்து என்னுடையது. கிடங்கு ஏட்டில் திங்கட்கிழமை இருக்கிற ஒன்று மட்டும் அவளுடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், அவள் எழுத்து அழகாக இருக்கும்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. எழுதி முடித்ததும் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'உடல்நலம் குன்றிய நிலையில்' என்று இருந்ததை 'நோயாளி' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன். கேள்வி கேட்பது வாக்குமூலத்தில் சேராது என்று எழுதுகிற அம்மா சொன்னார். சேராவிட்டாலும் அடியில் எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

சுண்டு, என்மேல் வழக்கு வரக் கூடாதென்று, உன்னால் முடியாது எனத் தெரிந்தேதான் அந்த மூட்டையில் கை வைத்தாயா, இல்லை, தினம் சாயங்காலம் நான் சொல்லச் சொல்லக் கேட்டு, பன்னிரண்டு வாரமும் தூக்கியது நீதான் என்று உனக்கே தோன்றிவிட்டதா?